மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு எக்செலே போதுமா, எம்எஸ் புராஜெக்டா, பிரைமவெராவா?

திருச்சி, கோவை, சென்னை என எந்த ஊர் கேட் (கணினியில் டிராயிங் கற்றுத்தரும்) சென்டரின் பலகையைப் பார்த்தாலும் ஆட்டோகேட், சாலிட்ஒர்க்ஸ், கட்டியா என்று போகும் வரிசையின் கடைசியில், எம்எஸ் புராஜெக்டைப் போலவே திட்ட வேலைகளுக்கு அட்டவணை போடும் மென்பொருளான பிரைமவெரா இருக்கும். மெக்கானிக்கல் முடித்துவிட்டு வளைகுடா வேலைக்கு முயல்கிறவர்களிடம் முதலில் விற்கப்படுவதும் அதுதான். படித்தால் பிரயோஜனம் உண்டா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. என்ன வேலை பார்க்கிறீர்கள், எந்த மென்பொருள் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆர்டருக்கு ஆர்டர் மாறும் ஃபேப்ரிகேஷன், சைட் எரெக்‌ஷன், பிளான்ட் ஷட்டவுன், டூல் ரூம், புதிய மாடல் டெவலப்மென்ட் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு நிச்சயம் லாபம் உண்டு. ஒரே பம்பை நாளுக்கு ஐந்நூறு என்று ஓட்டும் லைனில் இருப்பவருக்கு அவ்வளவு இல்லை. அங்கே தேவைப்படுவது டாக்ட் டைம் (ஒரு பீஸுக்குக் கிடைக்கும் நேரம்) கணக்கும் ஈஆர்பி மென்பொருளும்தான். முடிவுத் தேதி என்ற ஒன்று இல்லாத வேலைக்கு இந்த மென்பொருள்கள் உருவாக்கப்படவில்லை.

இதெல்லாம் ஐடிக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ஆனால் வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளில் காட்டும் காண்ட் சார்ட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்த ஹென்றி காண்ட் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர், மிட்வேல் ஸ்டீல் ஆலையில் வேலை பார்த்தவர். முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் மிக நீளமான வேலைச் சங்கிலியைக் கண்டுபிடிக்கும் கிரிட்டிக்கல் பாத் முறையை 1950களின் கடைசியில் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் உருவாக்கியதே ரசாயன ஆலைகளின் கட்டுமானத்துக்கும் பராமரிப்பு ஷட்டவுனுக்கும்தான்.

மென்பொருள் எதைக் கணக்கிடுகிறது?

பெயர்களை மறந்துவிட்டு ஒரு பிரஷர் வெசல் (அழுத்தக் கலன்) ஆர்டரை எடுத்துக்கொள்வோம். டிராயிங் அப்ரூவலுக்கு 3 வாரம். அப்ரூவல் வந்த அன்றே மூன்று பர்ச்சேஸ் ஆர்டர்கள் போகின்றன: ஷெல் பிளேட் (உருளை உடலுக்கான தகடு) 6 வாரம், டிஷ் எண்ட் (முனை மூடி) 8 வாரம், நாசில் ஃபோர்ஜிங் (குழாய் இணையும் வாய்ப் பகுதி) 12 வாரம். பிளேட் வந்ததும் வெட்டி, ரோல் செய்து, நீளவாட்டு வெல்டை முடிக்க 2 வாரம். ஷெல்களை ஒன்றோடொன்று சேர்க்க 1 வாரம், டிஷ் எண்ட் சேர்க்க 1 வாரம், நாசில் ஃபிட்டப்பும் வெல்டிங்கும் 2 வாரம். அதன் பிறகு ரேடியோகிராபி முதலிய சோதனைகள், ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (வெல்டால் வந்த உள்தகைவைத் தணிக்க ஃபர்னஸில் சூடாக்குவது), ஹைட்ரோ டெஸ்ட், பெயின்டிங் என்று வாரத்துக்கு ஒன்றாக 4 வாரம்.

பிளேட் வழியே கூட்டினால் 3+6+2+1+1, அதாவது 13-வது வாரக் கடைசியில் ஷெல் நாசிலுக்குத் தயார். ஃபோர்ஜிங் வழியே கூட்டினால் 3+12, அதாவது 15. இரண்டில் பெரியதுதான் ஓடும். நாசில் வேலை 15-வது வாரம் முடிந்துதான் தொடங்கும், டெலிவரி 21-வது வாரம். பிளேட் வழியில் 2 வாரம் ஃபுளோட், அதாவது டெலிவரியைப் பாதிக்காமல் தள்ளிப்போகக்கூடிய அவகாசம், இருக்கிறது. டிஷ் எண்டுக்கு 3 வாரம்.

ஷாப்பில், அதாவது ஒர்க்ஷாப்பில், வழக்கமாக நடப்பது என்ன? டெலிவரி நெருக்குகிறது என்று ரோலிங்கிலும் வெல்டிங்கிலும் ஓவர்டைம் போடுவார்கள். அதில் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தினாலும் டெலிவரி அதே 21-வது வாரம்தான், ஓவர்டைம் கூலி மட்டும் கூடுதல் செலவு. அதற்குப் பதிலாக, அப்ரூவலுக்குக் காத்திராமல் முதல் வாரக் கடைசியிலேயே ஃபோர்ஜிங் ஆர்டரைப் போட்டால் அது 13-வது வாரம் வந்துவிடும், டெலிவரி 19-க்கு இறங்கும். அப்ரூவலில் ஏதாவது ஒரு நாசிலின் ரேட்டிங் மாறினால் சில ஃபிளேஞ்சுகள் வீணாகும் என்பது இதிலுள்ள ஆபத்து. ஆகவே கிளையன்ட்டின் டேட்டாஷீட்டிலேயே சைஸும் ரேட்டிங்கும் உறுதியாகிவிட்ட நாசில்களை மட்டும் முன்கூட்டி ஆர்டர் செய்வார்கள். மீதி நாசில்களில் 12 வார அயிட்டம் ஒன்றுகூட இல்லையென்றால்தான் 19 கிடைக்கும். இன்னொன்று, இப்போது இரண்டு வழியும் 13-ல் வந்து நிற்பதால் ஷாப்பின் ஃபுளோட் பூஜ்யம். இதுவரை பொருட்படுத்தத் தேவையில்லாத ரோலிங் தாமதம் இனி நேராக டெலிவரியில் விழும். தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம், உச்சவரம்பு 5 சதவீதம் என்று பெனால்டி எழுதும் ஒப்பந்தங்கள் இங்கே சாதாரணம். இரண்டு வாரத்தின் மதிப்பை ஆர்டர் தொகையில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டலைக் காகிதத்திலேயே செய்யலாம், வேலைகள் பத்துப் பன்னிரண்டாக இருக்கும் வரை. எண்ணிக்கை இருநூறு ஆகும்போதும், வாராவாரம் தேதிகள் நகரும்போதும்தான் மென்பொருள் வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயமும் இந்த உதாரணத்திலேயே இருக்கிறது. நாசில் வெல்டிங்கை ஸ்ட்ரெஸ் ரிலீவிங்குக்குப் பிறகு கோர்த்துவிட்டால் எந்த மென்பொருளும் ஆட்சேபிக்காது. கணக்குப்படி வெசல் இன்னும் சீக்கிரமே முடிந்துவிடும்! ஆனால் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் முடிந்த பிரஷர் பார்ட்டில் மறுபடி வெல்டு வைத்தால், கோட் (வெசலுக்கான தர விதி) அனுமதிக்கும் சில விலக்குகள் தவிர, மறுபடி ஃபர்னஸுக்குப் போக வேண்டும். மென்பொருள் மட்டும் தெரிந்தவர் இங்கே தவறுவார், மெக்கானிக்கல் தெரிந்தவர் தவற மாட்டார். இந்த மென்பொருளைக் கற்பதில் மெக்கானிக்கல்காரருக்கு இருக்கும் உண்மையான அனுகூலம் இந்த இடத்தில்தான். ஷாப்பில் ஒரு வருடமாவது நின்றவர் கற்றால் இரண்டு மடங்கு பயன் என்று சொல்வதும் இதனால்தான்.

எக்செல் எதுவரை தாங்கும்?

எக்செலை மட்டமாகப் பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது. ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் நாற்பது, ஐம்பது வரிக்குள்ளான அட்டவணைக்கு அது தாராளமாகப் போதும். முடிவுத் தேதிக்கு ஒர்க்டே.ஐஎன்டிஎல் (WORKDAY.INTL) ஃபார்முலா: தொடக்கத் தேதியிலிருந்து ஒன்றைக் கழித்துக் கொடுத்து, அடுத்து நாள்களின் எண்ணிக்கை, மூன்றாவதாக 11, கடைசியாக விடுமுறைப் பட்டியல். அந்த 11 என்பது ஞாயிறு மட்டும் லீவு என்று பொருள். அதைக் கொடுக்காமல் விட்டால் சனிக்கிழமையையும் சேர்த்துக் கழித்துவிடும். ஒரு வேலைக்கு முன்னால் இரண்டு வேலைகள் முடிய வேண்டுமென்றால் அவற்றின் முடிவுத் தேதிகளுக்கு மேக்ஸ் போட்டு, அடுத்த வேலை நாளுக்குத் தள்ள வேண்டும்.

எக்செல் உடைவது இரண்டு இடங்களில். ஒன்று, ஃபுளோட் வராது. பின்னோக்கிக் கணக்கிடும் ஃபார்முலாவைப் போட முடியும்தான், ஆனால் போடுகிறவர் அபூர்வம். மற்றது, யாரோ ஒருவர் ஒரு செல்லில் தேதியைக் கையால் அடித்துவிடுவார். அந்த வரியில் சங்கிலி அறுந்துவிடும், பார்வைக்கு மட்டும் எல்லாம் சரியாக இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் ஆட்டோ உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் டெவலப்மென்ட் இன்ஜினியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏபிக்யூபி (புதிய பாகத்துக்கான தரத் திட்டமிடல்) டைமிங் பிளானை வாடிக்கையாளர் தன்னுடைய எக்செல் ஃபார்மட்டில் கேட்பதே பெரும்பாலும் வழக்கம். நீங்கள் எம்எஸ் புராஜெக்டில் அழகாகப் போட்டாலும் கடைசியில் அந்த ஃபார்மட்டுக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அங்கே கை கொடுப்பது பிபிஏபியின் (உற்பத்திக்கு முன் வாடிக்கையாளரிடம் பெறும் பாக ஒப்புதல்) 18 அயிட்டங்களில் எது எதற்குக் காத்திருக்கிறது என்ற அறிவும், டூல் டிரயல் ஒரே தடவையில் முடியாது என்று டி1-க்கு (முதல் டிரயல்) பிறகு ஒரு கரெக்‌ஷன் சுற்றை முதலிலேயே பிளானில் சேர்க்கும் தைரியமும்.

எம்எஸ் புராஜெக்ட்

பெரும்பாலான மெக்கானிக்கல் இன்ஜினியர்களுக்குச் சரியான அளவு இதுதான். கிரிட்டிக்கல் பாத்தைக் காகிதத்தில் போட்டுப் பழகியவருக்கு முப்பது மணி நேரம் போதும். ஃபேப்ரிகேஷன் ஷாப், எஸ்பிஎம் (தனி வேலைக்கான சிறப்பு இயந்திரம்) செய்யும் கம்பெனி, டூல் ரூம், நடுத்தர அளவு எரெக்‌ஷன் கான்ட்ராக்டர் ஆகியோருக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை.

புதிதாகத் திறந்ததும் மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. ஸ்டாண்டர்ட் காலண்டர் திங்கள் முதல் வெள்ளி வரைதான். ஆறு நாள் ஓடும் ஷாப்புக்குச் சனிக்கிழமையை வேலை நாளாக்க வேண்டும், தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை நாள்களை விடுமுறையாகப் போட வேண்டும். அடுத்து, புதிய வேலைகள் மேனுவல் மோடில் உருவாகும்படிதான் அது வருகிறது. அதை ஆட்டோவுக்கு மாற்றாவிட்டால் முன்னால் உள்ள வேலை தள்ளிப்போனாலும் பின்னால் உள்ளது நகராது. கற்றுக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் முதல் வாரத்தில் மாட்டிக்கொள்வது இதில்தான்.

மீதிப் பாதி மாட்டுவது ஸ்டார்ட் நெடுவரிசையில் தேதியை அடிப்பதில். அடித்த உடனே மென்பொருள் அந்த வேலைக்கு ‘இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே’ என்ற கட்டுப்பாட்டை வைத்துவிடும். ஃபோர்ஜிங் ஒரு வாரம் முன்னதாக வந்தாலும் நாசில் வேலை முன்னால் நகராது. தேதியை அடிக்காமல் பிரிடிசஸர் (முந்தைய வேலை) நெடுவரிசையை மட்டும் நிரப்புவது நல்ல பழக்கம். முந்தைய வேலை முடிந்த மறுகணம் தொடங்கினால் ஃபினிஷ்-டு-ஸ்டார்ட். ரோலிங் தொடங்கி நான்கு நாளில் வெல்டிங் தொடங்கலாம் என்றால் ஸ்டார்ட்-டு-ஸ்டார்ட், கூட 4 நாள் லேக் (இடைவெளி).

ரிசோர்ஸ் போடும்போது இன்னொரு சிக்கல். எஃபர்ட் டிரிவன் என்று குறிக்கப்பட்ட, ஃபிக்ஸட் டியூரேஷன் அல்லாத வேலையில் ஒரு வெல்டர் இருந்த இடத்தில் இன்னொருவரைச் சேர்த்தால் நாள்கள் பாதியாகும். வெல்டிங்குக்கு அது ஓரளவு நியாயம். ஃபர்னஸ் சைக்கிளுக்கு இன்னொரு ஆபரேட்டரைச் சேர்த்தால் சூட்டில் வைத்திருக்கும் சோக்கிங் டைம் பாதியாகாது. ஹீட் ட்ரீட்மென்ட், பெயின்ட் காயும் நேரம், ஐபிஆர் (பாய்லர் விதிகள்) இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கான காத்திருப்பு போன்றவற்றை ஃபிக்ஸட் டியூரேஷனில் வைக்க வேண்டும்.

பேஸ்லைனை (முதலில் போட்ட திட்டத்தின் நகல்) எடுத்து வைத்த பிறகு வாராந்திர அப்டேட். இங்கே பிரைமவெராவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஸ்டேட்டஸ் டேட்டை (எந்தத் தேதியின் நிலவரம் என்பது) கொடுத்து, முடிந்த சதவீதத்தை அடித்துவிட்டால் போதாது. முடியாத வேலையின் மிச்சத்தை எம்எஸ் புராஜெக்ட் தானாக எதிர்காலத்துக்குத் தள்ளாது. ‘முடியாத வேலையை இந்தத் தேதிக்குப் பின் மாற்று’ என்ற கட்டளையை அப்டேட் புராஜெக்ட் பெட்டியில் நீங்களே கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் போன வாரம் நடக்காத வெல்டிங் போன வாரத்திலேயே உட்கார்ந்திருக்கும், டெலிவரி தேதி மாறாமல் இருக்கும், ரிவியூ மீட்டிங்கில் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

காசு விஷயத்தில் ஒன்று கவனிக்கவும். மாதச் சந்தா திட்டங்களில் மலிவான பிளான் 1-ல் பிரவுசரில் ஓடுவது மட்டுமே கிடைக்கும். மேலே சொன்னதெல்லாம் டெஸ்க்டாப் பதிப்பில், அதற்குப் பிளான் 3 வேண்டும். மேக் கணினியில் டெஸ்க்டாப் பதிப்பு கிடையாது. கற்றுக்கொள்ள மட்டும் என்றால் ப்ராஜெக்ட்லிப்ரே இலவசம், எம்எஸ் புராஜெக்ட் கோப்புகளையும் திறக்கும். லாஜிக், காலண்டர், ஃபுளோட், பேஸ்லைன் பழக அது போதும்.

பிரைமவெரா யாருக்கு?

1983-ல் தொடங்கிய பிரைமவெரா நிறுவனத்தை 2008-ல் வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்தது. இப்போது அதன் பி6 என்ற மென்பொருள்தான் எண்ணெய், எரிவாயு, மின்நிலையம், ரிஃபைனரி வேலைகளில் நடைமுறை மொழி. ஒப்பந்தத்திலேயே ‘ஷெட்யூலை பி6-ன் எக்ஸ்இஆர் கோப்பாகத் தர வேண்டும்’ என்று எழுதியிருந்தால் விவாதத்துக்கே இடமில்லை, பி6 தெரிந்தே ஆக வேண்டும். இபிசி (டிசைன், கொள்முதல், கட்டுமானம் மூன்றையும் எடுத்துச் செய்யும்) கம்பெனி, வளைகுடா, பெரிய பாய்லர் எரெக்‌ஷன், ரிஃபைனரி ஷட்டவுன் இவற்றில் ஒன்றைக் குறிவைத்தால் கற்கலாம். இல்லையென்றால் வேண்டாம். ஐம்பது அறுபது மணி நேரம் கொடுத்துக் கற்று ஆறு மாதம் தொடாமல் விட்டால் பாதி மறந்துபோகும்.

எம்எஸ் புராஜெக்டைவிட இது எங்கே மேலானது? ஷட்டவுனைப் பாருங்கள். அட்டவணை நாளில் இல்லை, மணியில். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் இரண்டு, ஷிஃப்டுக்கு ஒரு முறை அப்டேட். குழாயை அடைக்கும் பிளைண்ட் போட எட்டு மணி, மேன்ஹோல் திறந்து காஸ் ஃப்ரீ ஆக இன்னும் சில மணி, அதற்குப் பிறகே ஆள் உள்ளே போக பெர்மிட். ஒரே கிரேனை மூன்று கான்ட்ராக்டர்கள் கேட்பார்கள். திறந்து பார்த்த பிறகுதான் டிரேயின் சப்போர்ட் ரிங் அரித்திருப்பது தெரியும், பிளானில் இல்லாத வேலை நடுவில் முளைக்கும். ஆயிரக்கணக்கான வேலைகள் இப்படி நகரும்போது, டேட்டா டேட்டை (எந்த நேரத்து நிலவரம் என்பதைக் காட்டும் கோடு) புதிய மணிக்கு மாற்றி எஃப்9 அழுத்தினால் முடியாதது அத்தனையும் தானாகவே அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் போய்விடும். பல பேர் ஒரே டேட்டாபேஸில் ஒரே நேரத்தில் வேலை செய்யவும் முடியும்.

பைப்பிங்கில் இதன் பலம் அளவுகளில் தெரியும். ஏரியாவில் மொத்தம் 2,400 இன்ச் டயா (வெல்டு மூட்டுகளின் விட்டங்களை இன்ச்சில் கூட்டிய அளவு), 6 வெல்டர்கள், ஆளுக்கு நாளுக்கு 20 இன்ச் டயா என்று வைத்தால் 20 நாள். இந்த 20-ஐ உங்கள் சைட்டின் பழைய டெய்லி ரிப்போர்ட்டிலிருந்து எடுக்க வேண்டும். மெட்டீரியல், தடிமன், பிராசஸ், உயரம் எல்லாவற்றுக்கும் அது மாறும். ரிஜெக்‌ஷன் ரிப்பேரைக் கணக்கில் எடுக்காத எண் இரண்டாவது வாரத்திலேயே பொய்த்துவிடும்.

கெட்டுப்போகும் இடங்களும் இதில் அதிகம். காலண்டரில் நாளுக்கு 10 மணி என்று போட்டு, மணியை நாளாக மாற்றும் செட்டிங்கை 8-லேயே விட்டால் 10 நாள் வேலை 12.5 நாள் என்று திரையில் தெரியும். பி6 உள்ளே எல்லாவற்றையும் மணியாகவே வைத்திருக்கிறது. 100 மணியை எட்டால் வகுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். தேதி சரியாகவே இருக்கும், ஆனால் கிளையன்ட்டின் கேள்விக்குப் பதில் தெரியாமல் முழிக்க நேரும்.

சக்ஸஸர் (அடுத்து வரும் வேலை) இல்லாமல் தொங்கவிட்ட வேலை இன்னொரு வியாதி. அது நெடுநாள் தாமதமானாலும் திட்டத்தின் முடிவைத் தொடாது, ஃபுளோட் 200 நாள் என்று காட்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டிசிஎம்ஏ 14 அம்சச் சோதனையில் இப்படி லாஜிக் விட்டுப்போனவை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நெகடிவ் ஃபுளோட் (தேவைப்படும் தேதிக்குப் பின்தங்கிய நிலை) இருக்கவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். தனியார் கிளையன்ட்களும் அதே அளவுகோலை எடுத்துக் கொள்கிறார்கள். அந்த 14-ஐயும் மனப்பாடமாக வைத்திருப்பது நேர்முகத்தில் சர்ட்டிஃபிகேட்டைவிட மேலாக எடுபடும்.

வரிசை மாறி நடக்கும் வேலைகளுக்கு ரிட்டெய்ன்ட் லாஜிக், புராக்ரஸ் ஓவர்ரைடு என்று முக்கியமாக இரண்டு வழிகள். சப்போர்ட் முடியும் முன்பே பைப் எரெக்‌ஷன் தொடங்கிவிட்டது என்று வையுங்கள். முதலாவதில் மிச்ச எரெக்‌ஷன் சப்போர்ட் முடியும்வரை காத்திருக்கும். இரண்டாவதில் காத்திராமல் ஓடும். இந்த ஒரு செட்டிங்கில் முடிவுத் தேதி வாரக்கணக்கில் மாறும். தாமதத்தை மறைக்க இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு, அதனால்தான் கவனமான கிளையன்ட் முதலாவதையே எழுதிவைக்கிறார். வெளியிலிருந்து வரும் எக்ஸ்இஆர் கோப்பை நேராக வேலை டேட்டாபேஸில் ஏற்றுவதும் ஆபத்து. அடுத்தவரின் குளோபல் காலண்டரும் வகைக் குறியீடுகளும் கூடவே வந்து உட்காரும். தனியாக ஒரு சோதனை டேட்டாபேஸில் ஏற்றிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுவருவார்கள்.

பி6 நன்றாகத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கினால் கம்பெனி உங்களைப் பிளானிங் நாற்காலியில் உட்கார வைத்துவிடும். சம்பளம் மோசமில்லை, தேவையும் உண்டு. ஆனால் டிசைனிலோ வெல்டிங்கிலோ ஆழமாகப் போக நினைப்பவருக்கு நான்கைந்து வருடப் பிளானிங்குக்குப் பிறகு திரும்புவது கஷ்டம். சென்டர்களில் இதை யாரும் சொல்வதில்லை.

மற்றவை

ஜிரா, டிரெல்லோ, பிளானர் எல்லாம் யார் எதைச் செய்கிறார் என்று பார்க்க நல்லவை. டிராயிங் கமெண்ட், பன்ச் லிஸ்ட் (மிச்ச வேலைப் பட்டியல்), என்சிஆர் (தரக் குறை அறிக்கை) ஆகியவற்றைத் தொடர அழகாக உதவும். மேலே போட்ட வெசல் கணக்கை அவற்றில் செய்ய வேண்டாம். அவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டிப் படிக்கவும் வேண்டாம், இரண்டு நாளில் வந்துவிடும்.

திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ் என்பது மென்பொருள் தேர்வே இல்லை. நான்கு வருடப் பட்டம் உள்ளவருக்கு 36 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் கேட்கிறது. படித்து முடித்த உடனே எழுதலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நிலையில் இருப்பவருக்கு உள்ளது தொடக்க நிலைச் சான்றிதழான சிஏபிஎம், 23 மணி நேர வகுப்பு போதும்.

எதையும் கற்காமல் விடுவதும் ஒரு தேர்வுதான். டிசைனில் இருப்பவர் அதே இரண்டு மாதத்தை ஜிடி அண்ட் டி-க்கு (டிராயிங்கில் வடிவ டாலரன்ஸைக் குறிக்கும் முறை) கொடுத்தால் மறுநாளே டிராயிங்கில் பலன் தெரியும். மெயின்டனன்ஸில் இருப்பவருக்கு பிஎல்சி (இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி) அடிப்படையும் வைப்ரேஷன் அளவீடும் முந்தும். க்யூசியில் இருப்பவருக்கு என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் முறை) லெவல் 2.

கற்பதாக முடிவானால், மென்பொருளைத் திறக்கும் முன் உங்கள் ஷாப்பில் முடிந்துபோன ஒரு ஆர்டரின் கோப்பை எடுங்கள். பிஓ தேதி, அப்ரூவல் தேதி, மெட்டீரியல் வந்த தேதி, ஒவ்வொரு ஸ்டேஜ் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டின் தேதி எல்லாம் அதில் இருக்கும். முதலில் திட்டமிட்ட நாள்களை வைத்து ஒரு பேஸ்லைன், பிறகு நிஜத் தேதிகளை வாரம் வாரமாக ஏற்றிப் பாருங்கள். எந்த வாரத்தில் கிரிட்டிக்கல் பாத் பர்ச்சேஸிலிருந்து ஷாப்புக்குத் தாவியது, அதை யாராவது அப்போது கவனித்தார்களா என்று தெரியவரும். நேர்முகத்தில் ‘ஒரு வேலைக்கு மைனஸ் 12 ஃபுளோட் காட்டுகிறது, எங்கே பார்ப்பீர்கள்?’ என்று கேட்பார்கள். கான்ஸ்ட்ரெயின்ட், காலண்டர், அதற்குப் பின் லாஜிக் என்று வரிசையாகச் சொல்ல இந்தப் பழக்கம் போதும்.